சொன்னது எட்டியதா? இரண்டு விமானி அறைகளில் தலைமை: ஒரு நிகழ்வு ஆய்வு

1978 டிசம்பர் 28, மாலை 5 மணி கடந்த நேரம். நியூயார்க்கில் புறப்பட்டு டென்வர் வழியாக போர்ட்லண்ட் நகருக்கு வந்துகொண்டிருந்தது யுனைட்டெட் ஏர்லைன்ஸின் 173ஆம் எண் விமானம். நான்கு எஞ்சின் கொண்ட டி.சி.-8 ரகம். பயணிகள் 181 பேர், பணியாளர்கள் 8 பேர். வானம் தெளிவாக இருந்தது. தரையிறங்குவதற்காகச் சக்கரங்களை இறக்கியதும் பலத்த சத்தம் கேட்டது, விமானம் குலுங்கி ஒரு பக்கமாக இழுத்தது. பச்சை விளக்குகளில் மூக்குச் சக்கரத்துக்கு உரியது மட்டுமே எரிந்தது.

கோளாறு சிறியதுதான். வலப்புறச் சக்கரத்தை மேலே இழுக்கும் உருளையின் தண்டு அரித்துப்போய் முறிந்திருந்தது. அதனால் சக்கரம் மெல்ல இறங்காமல் தன் எடையிலேயே தொப்பென்று விழுந்து, விளக்குக்கான சுவிட்சைச் சேதப்படுத்திவிட்டது. சக்கரம் இறங்கித்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய விளக்கு மட்டும் எரியவில்லை. இறக்கையின் மேற்புறத்தில் தெரியும் குறிகளும் சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதையே காட்டின.

கேப்டன் 5,000 அடி உயரத்தில் வட்டமிடத் தீர்மானித்தார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்ட பிறகு, ஓடுபாதைக்குச் சுமார் 6 கடல் மைல் தொலைவில், மரங்கள் அடர்ந்த புறநகர்ப் பகுதியில் விமானம் விழுந்தது. சக்கரத்துக்கும் அந்த விபத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எரிபொருள் தீர்ந்து நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின. 10 பேர் இறந்தார்கள். விமானி அறையில் மூன்றாவதாக உட்கார்ந்து எஞ்சின், எரிபொருள் அளவுகளைக் கவனிக்கும் விமானப் பொறியாளர் அவர்களில் ஒருவர்.

தலைமைப் பண்பைப் படிக்க இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. அந்தக் கேப்டன் கவனக்குறைவானவர் அல்லர், அனுபவமற்றவரும் அல்லர். 27,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். பயணிகளை அவசரப்படுத்தாமல், பதறாமல், பணிப்பெண்கள் எல்லோரையும் தயார்படுத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்தவர். நல்ல தலைவர் என்று நாம் வழக்கமாகப் பட்டியலிடும் பண்புகளான நிதானமும் அக்கறையும் உறுதியும் அவரிடம் இருந்தன. எரிபொருள் குறைகிறது என்ற செய்தியும் அதே அறையில்தான், அவர் காதுபடத்தான் பேசப்பட்டது. ஆனாலும் அது அவருடைய முடிவை எட்டவில்லை.

ஆகவே இந்த ஆய்வு தலைவரை ஒரே ஒரு கேள்வியால் அளக்கிறது. குழுவில் ஒருவருக்குத் தெரிந்தது, முடிவெடுப்பவரின் முடிவை மாற்றக்கூடிய நேரத்துக்குள் போய்ச் சேர்கிறதா?

அந்த அறையில் பேசப்பட்டது

டென்வரில் கிளம்பும்போது 46,700 பவுண்டு எரிபொருள் இருந்தது (பவுண்டு இங்கே எடை அளவு, சுமார் 0.45 கிலோ). போர்ட்லண்ட் வரை வர 31,900 பவுண்டு போதும். மீதி, தாமதத்துக்கான கையிருப்பு. வட்டமிடும்போது விமானம் மணிக்குச் சுமார் 13,200 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு 220 பவுண்டு எரித்தது. இந்த 220 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு குரல்பதிவின் நேரங்களைப் படிக்க வேண்டும்.

5.38 மணி வாக்கில் கேப்டன் நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவோடு வானொலியில் பேசினார். 7,000 பவுண்டு இருப்பதாகவும் இன்னும் 15, 20 நிமிடம் வட்டமிடப் போவதாகவும் சொன்னார். 6.05க்குத் தரையிறங்கலாம் என்பது கணக்கு.

5.46க்குத் துணை விமானி பொறியாளரிடம் எரிபொருள் எவ்வளவு என்று கேட்டார். 5,000 என்று பதில் வந்தது. 5.48க்கு மறுபடியும் அதே பேச்சு, அதே 5,000.

5.50க்குக் கேப்டன், இன்னும் 15 நிமிடம் என்று வைத்துக்கொண்டு இறங்கும்போது இருக்கும் எடையைக் கணக்கிடச் சொன்னார். எரிபொருள் மூவாயிரமோ நாலாயிரமோ மிஞ்சும் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். துணை விமானி “பதினைந்து நிமிடமா?” என்று திருப்பிக் கேட்டார். பொறியாளர், அது போதாது, 15 நிமிடம் ஆனால் எரிபொருள் மிகவும் குறைந்துவிடும் என்றார்.

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. 5.56க்கு மீண்டும் கேள்வி வந்தது. பதில் 4,000, தொட்டிக்கு ஆயிரம். அடுத்த நிமிடமே கேப்டன் பொறியாளரைப் பயணிகள் பகுதிக்கு அனுப்பி, ஏற்பாடுகள் எப்படிப் போகின்றன என்று பார்த்துவரச் சொன்னார். எரிபொருள் அளவைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தவர் நான்கு நிமிடம் அறையில் இல்லை. அவர் திரும்பி வந்ததும் 6.02க்கு, மூன்றுதான் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். 6.03க்குத் தரைக் கட்டுப்பாட்டு அறை கேட்டபோது கேப்டனே 4,000 என்று தொடங்கி 3,000 என்று திருத்திக்கொண்டார்.

6.06க்குத் தலைமைப் பணிப்பெண் வந்து எல்லாம் தயார் என்றார். இனி இறங்கலாம், ஐந்து நிமிடம் என்று கேப்டன் சொன்ன அதே கணத்தில் நான்காவது எஞ்சின் நின்றது. ஏன் என்று கேட்டார் கேப்டன். எரிபொருள் என்றார் துணை விமானி. வட்டமிடத் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக ஓடுபாதையை நோக்கித் திரும்ப அனுமதி கேட்டது அதற்குப் பிறகுதான். அப்போது விமான நிலையம் சுமார் 19 கடல் மைல் தொலைவில் இருந்தது. விமானம் 6.15க்கு விழுந்தது.

கணக்கைச் செய்து பார்த்தால்

5.50 மணிக்கு அறையில் இருந்த மூன்று எண்கள் இவை: கையில் 5,000, காத்திருப்பு 15 நிமிடம், மிச்சம் வேண்டியது மூவாயிரம் முதல் நாலாயிரம் வரை. 15ஐ 220ஆல் பெருக்கினால் 3,300. ஐயாயிரத்தில் அது போக மிஞ்சுவது 1,700. கேப்டன் கேட்ட திட்டம் அந்த நிமிடமே நடக்காத திட்டம். இதைக் கண்டுபிடிக்கத் தாளும் பென்சிலும்கூடத் தேவையில்லை.

ஆனாலும் மூவரில் ஒருவரும் அந்தப் பெருக்கலை வாய்விட்டுச் செய்யவில்லை. எல்லோரும் பவுண்டில் பேசினார்கள், ஆனால் முடிவு நிமிடத்தில் இருந்தது. “ஐயாயிரம் இருக்கிறது” என்பது செய்தி. “இன்னும் இருபத்திரண்டு நிமிடத்தில் எஞ்சின் நிற்கும், நிலையத்துக்குப் போகவே பத்து நிமிடம் வேண்டும், ஆகவே இப்போதே திரும்ப வேண்டும்” என்பதுதான் முடிவெடுப்பவருக்குப் பயன்படும் வடிவம். கீழே இருப்பவர் முதல் வடிவத்தில் சொல்லிவிட்டு, மேலே இருப்பவர் இரண்டாம் வடிவத்தில் கேட்டுக்கொண்டார் என்று நம்புவது எல்லா அலுவலகங்களிலும் நடக்கிறது. செலவுக் கணக்கைக் காட்டிய கணக்காளர், நிறுவனத்தில் பணம் எந்தத் தேதியில் தீரும் என்பதையும் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொள்வார்.

இரண்டாவது விஷயம் சொன்ன விதம். துணை விமானி கேட்டவை எல்லாம் கேள்விகள். எவ்வளவு இருக்கிறது, பதினைந்து நிமிடமா என்ற கேள்விகளுக்குள் அவருடைய கவலை இருந்தது. ஆனால் கேள்விக்கு விடை கிடைத்ததும் கவலையும் தீர்ந்துவிட்டதாகக் கேட்பவர் எடுத்துக்கொள்வார். பதவியில் கீழே இருப்பவர் குறிப்பால் உணர்த்துவதும், மேலே இருப்பவர் குறிப்பைப் பிடிக்காமல் போவதும் குணக்கோளாறு அல்ல. மரியாதை மனிதப் பேச்சில் அப்படித்தான் வேலை செய்கிறது. அதனால்தான் அதை ஆளின் குணத்தை நம்பி விடாமல் நடைமுறையால் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, கேப்டன் எல்லாவற்றையும் தன் தலையில் வைத்திருந்தார். சக்கரக் கோளாறு, நிறுவனத்தோடு பேச்சு, பயணிகள் ஏற்பாடு, இறங்கிய பிறகு செய்ய வேண்டியவை என எல்லாவற்றையும் அவரே பார்த்தார். நேரத்தைப் பார்க்கும் வேலை மட்டும் பெயர் சொல்லி யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

இது புதிய விதத் தவறும் அல்ல. ஆறு ஆண்டுகளுக்கு முன், 1972 டிசம்பர் 29 அன்று, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401ஆம் எண் விமானம் ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலத்தில் விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கும் கவனத்தை இழுத்தது ஒரு சக்கர விளக்குதான், மூக்குச் சக்கரத்துக்கு உரியது. பல்ப் எரிந்துபோயிருந்தது. அறையில் இருந்த அனைவரும் பல்பைக் கவனித்துக்கொண்டிருக்க, தானியங்கி உயரக் கட்டுப்பாடு விடுபட்டு விமானம் மெல்ல இறங்கியதை யாரும் பார்க்கவில்லை.

இடைப்பட்ட பத்து ஆண்டுகள்

173ஆம் விமானத்தைப் பற்றிய அரசின் விசாரணை அறிக்கை 1979 ஜூனில் வந்தது. கேப்டன் எரிபொருளைக் கவனிக்கவில்லை என்று சொன்னதோடு அது நிற்கவில்லை. மற்ற இருவரும் நிலைமையின் தீவிரத்தை முழுதாக உணரவில்லை, அல்லது தங்கள் கவலையைக் கேப்டனுக்கு எட்டும்படி சொல்லவில்லை என்பதையும் துணைக் காரணமாக எழுதியது. கேப்டன்களுக்குக் குழுவைக் கலந்து முடிவெடுக்கும் முறையையும், மற்றவர்களுக்குத் தயங்காமல் வலியுறுத்திப் பேசுவதையும் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பேசாதவரைத் திருத்துவதும் கேளாதவரைத் திருத்துவதும் ஒரே பயிற்சியின் இரண்டு பாதிகள் என்று அதிகாரபூர்வமாக எழுதப்பட்ட முக்கியமான இடம் இது.

அதே 1979இல் நாசா இதற்காக ஒரு பட்டறை நடத்தியது. 1981இல் யுனைட்டெட் முழு அளவிலான பயிற்சியைத் தொடங்கியது. தொடக்கத்தில் எதிர்ப்பு இருந்தது. நயமாகப் பழகச் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் என்று விமானிகள் சிலர் அதை ஒதுக்கினார்கள். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. முதல் தலைமுறைப் பயிற்சிகள் ஆளுமை வகைகளைப் பற்றி நிறையப் பேசின, விமானி அறையில் எந்த நிமிடத்தில் எந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்பதைக் குறைவாகப் பேசின. பிறகுதான் முழுக் குழுவையும் சிமுலேட்டர் எனப்படும் பாவனை விமானி அறையில் உட்காரவைத்து, புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை பறக்கவிட்டு, நடுவே கோளாறு கொடுத்து, முடிந்ததும் பதிவைப் போட்டுக்காட்டிப் பேசும் முறை வலுப்பெற்றது. தலைமைப் பயிற்சிக்கு இன்று பணம் செலவழிக்கும் எவரும் கவனிக்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான். ஆளுமைச் சோதனையில் யார் எந்த வகை என்று தெரிந்துகொள்வதால் மறுநாள் வேலையில் எதுவும் மாறாது.

இரண்டாவது விமானம்

1989 ஜூலை 19. அதே நிறுவனம், 232ஆம் எண், டென்வரிலிருந்து சிகாகோ. மூன்று எஞ்சின் கொண்ட டி.சி.-10, 296 பேர். 37,000 அடி உயரத்தில் வால் எஞ்சினின் விசிறித் தட்டு சிதறியது. அதனால், திரவ அழுத்தத்தைக் கொண்டு இறக்கை, வால் பகுதிகளை அசைக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. மூன்றும் ஒருசேரப் போகாது என்று நம்பித்தான் விமானமே வடிவமைக்கப்பட்டிருந்தது. ஆகவே அந்த நிலைக்குக் கையேட்டில் பக்கமே இல்லை. இறக்கை, வால் எதன் கட்டுப்பாடும் வேலை செய்யவில்லை. எஞ்சியவை இரண்டு எஞ்சின்களும் அவற்றின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடிகளும்தான்.

கேப்டன் ஆல் ஹேய்ன்ஸ். அவர் செய்தவற்றை வரிசையாகப் பார்க்கலாம். விமானம் வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போனபோது இடது எஞ்சினின் விசையைக் குறைத்து வலதைக் கூட்டி நிமிர்த்தினார். இது அவருடைய சொந்தத் திறமை. அதன் பிறகு பொறியாளரைப் பராமரிப்புப் பிரிவோடு பேச வைத்தார். அவர்களிடமும் விடை இல்லை. பயணிகளில் ஒருவராக வந்திருந்த டி.சி.-10 பயிற்றுநர் டென்னிஸ் ஃபிட்ச் உதவத் தயார் என்று பணிப்பெண் வந்து சொன்னதும், வரச் சொன்னார். முதலில் பின்னால் போய் ஜன்னல் வழியாக இறக்கையைப் பார்த்துவரும்படி அனுப்பினார். அவர் திரும்பி வந்து எதுவும் அசையவில்லை என்றதும் இரண்டு த்ராட்டில்களையும் அவர் கையில் கொடுத்தார்.

இந்த ஒப்படைப்பு எளிதல்ல. அந்த விமானத்தில் எஞ்சியிருந்த ஒரே கட்டுப்பாடு அது. விமானத்தின் தலைவர் அதை, சில நிமிடங்களுக்கு முன்வரை பயணியாக உட்கார்ந்திருந்தவரிடம் தந்தார். தந்ததால் அவருக்கு முழு நிலைமையையும் பார்க்க, கட்டுப்பாட்டு அறையோடு பேச, எங்கே இறங்குவது என்று தீர்மானிக்க, பயணிகளிடம் உண்மையைச் சொல்ல இடம் கிடைத்தது.

அயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையத்தில் தரையைத் தொட்டபோது வேகம் மணிக்கு 215 கடல் மைலுக்கு அருகில். வழக்கமாக 140தான். வலது இறக்கை முதலில் மோதி விமானம் உடைந்து தீப்பற்றியது. 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். பின்னர் அனுபவமுள்ள விமானிகளைக் கொண்டு சிமுலேட்டரில் முயன்றபோது, இந்த நிலையில் பத்திரமாகத் தரையிறக்கக் கற்பிப்பது நடைமுறையில் இயலாது என்பதே விசாரணையாளர்களின் முடிவு. குழுவின் செயல்பாடு நியாயமாக எதிர்பார்க்கக்கூடியதைப் பெரிதும் தாண்டியது என்று அறிக்கை பாராட்டியது. குரல்பதிவை ஆராய்ந்தவர்கள், நிமிடத்துக்குச் சராசரியாக 31 தகவல் பரிமாற்றங்கள், உச்சத்தில் 59 என்று கணக்கிட்டார்கள். கட்டளை, பதில், யோசனை, உறுதிப்படுத்தல் எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை இது.

ஹேய்ன்ஸ் பின்னாளில் பேசிய மேடைகளில் ஐந்து காரணங்களைச் சொன்னார்: அதிர்ஷ்டம், தகவல் தொடர்பு, முன்தயாரிப்பு, செயலாக்கம், ஒத்துழைப்பு. நிறுவனம் 1980களில் தந்த குழுப் பயிற்சிக்கும் கடன்பட்டிருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார்.

இரண்டு நிகழ்வுகளையும் நேர்க்கோட்டில் வைப்பதில் ஒரு நியாயக்குறைவு உண்டு. 232இல் ஆபத்து எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, யாரும் யாரையும் நம்பவைக்க வேண்டியிருக்கவில்லை. 173இல் ஆபத்து ஓசையில்லாமல் ஒரு அளவுமானியில் இருந்தது. உண்மையில் அதுதான் கடினமான சூழல். பெரும்பாலான தலைவர்கள் தினமும் எதிர்கொள்வதும் அதைத்தான். எனவே கீழே வருபவை 173இன் நிலைமைக்காக எழுதப்பட்டவை.

வேலைக்குள் கொண்டுவருவது

முதலில் செய்ய வேண்டியது நிறுத்தக் கோடு போடுவது. மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான். காலக்கெடு உள்ள எந்த வேலையிலும், தொடங்குவதற்கு முன்பே, எந்த எண்ணை எட்டினால் நிறுத்தித் திரும்புவோம் என்று எழுதிவைக்க வேண்டும். அதைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும். இரவில் ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கிறார்கள், அதிகாலை 5 மணிக்குச் சேவை திறந்திருக்க வேண்டும் என்று வையுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்ப 50 நிமிடம், திரும்பிய பின் சோதிக்க 30 நிமிடம், கணக்குத் தவறுக்கு 40 நிமிடம். மொத்தம் 2 மணி நேரம். ஆகவே கோடு 3 மணி. 3 மணிக்கு வேலை முடியவில்லை என்றால், “இன்னும் பத்தே நிமிடம்” என்று யார் சொன்னாலும் திரும்ப வேண்டும்.

கோட்டில் மூன்று பகுதிகள் இருக்க வேண்டும். எண், அந்த எண்ணில் செய்யப்போவது, அதை அறிவிப்பவர் யார் என்ற பெயர். அறிவிப்பவர் கோளாறைச் சரிசெய்துகொண்டிருப்பவராக இருக்கக்கூடாது, தலைவராகவும் இருக்கக்கூடாது. இருவருமே வேலையில் மூழ்கியிருப்பார்கள். கோட்டைத் தாண்ட வேண்டிய தேவை சில நேரம் வரும். அப்போது தொடங்கும்போது தெரியாத புதிய காரணம் ஒன்று இருக்க வேண்டும், அதை வாய்விட்டுச் சொல்லி எழுத வேண்டும், ஒரு முறைக்கு மேல் நகர்த்தக்கூடாது. இவ்வளவு கறார் ஏன் என்றால், கோடு போடும்போது இருக்கும் தெளிவு கோட்டை நெருங்கும்போது யாருக்கும் இருப்பதில்லை.

அடுத்து, கவலையைச் சொல்லும் வாக்கியம். வலியுறுத்திப் பேசுங்கள் என்று அறிவுரை சொன்னால் யாரும் பேசமாட்டார்கள். வாக்கியத்தையே கையில் கொடுக்க வேண்டும். விமானத் துறையில் பழக்கப்படுத்தும் ஐந்து படிகள் உண்டு: பெயரோ பதவியோ சொல்லி அழைப்பது, கவலையைச் சொல்வது, பார்த்ததை எண்ணோடு சொல்வது, தீர்வைச் சொல்வது, ஒப்புதல் கேட்பது. 5.50 மணிக்குப் பொறியாளர் இப்படிச் சொல்லியிருந்தால் என்று வைத்துக்கொள்வோம்: “கேப்டன், எரிபொருள் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது. 15 நிமிடம் காத்தால் 1,700 பவுண்டுதான் மிஞ்சும், நீங்கள் கேட்ட மூவாயிரம் இருக்காது. இப்போதே நிலையத்தை நோக்கித் திரும்பலாம், பயணிகள் ஏற்பாடு வழியில் முடியட்டும். சரியா?” பேச 12 விநாடி ஆகும். இதை உதறித் தள்ளவும் முடியும், ஆனால் காதில் விழாமல் போக முடியாது.

தலைவரின் பதிலுக்கும் வடிவம் உண்டு. கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், முடிவைச் சொல்ல வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தை ஒரு வரியில் சொல்ல வேண்டும். “சரி, பார்க்கலாம்” என்பது பதில் அல்ல. சொன்னவர் சொல்லியாகிவிட்டது என்று ஒதுங்குவார், கேட்டவர் மறந்துவிடுவார். இரண்டு முறை சொல்லியும் பதில் வராவிட்டால் மூன்றாவது முறை சொல்வதோடு நிற்கக்கூடாது, வேலையை நிறுத்தவோ அடுத்த மேலாளரை அழைக்கவோ உரிமை உண்டு என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். உரிமையை எழுத்தில் தந்துவிட்டு முதல் முறை பயன்படுத்தியவரிடம் முகம் சுளித்தால் அந்த எழுத்துக்கு மதிப்பில்லை. முதல் ஆள் எப்படி நடத்தப்பட்டார் என்பதை மொத்தக் குழுவும் பார்த்துக்கொண்டிருக்கும். அவர் சொன்னது தவறாக இருந்தாலும் எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்ல வேண்டும். அதைச் சரியாகச் செய்வது பிறகு நடத்தும் பத்துக் கூட்டங்களுக்குச் சமம்.

வேலையைப் பிரிப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நெருக்கடி வந்ததும் தலைவர் சொல்ல வேண்டியது இரண்டு பெயர்கள். கோளாறைப் பார்ப்பவர் யார், மீதி எல்லாவற்றையும் பார்ப்பவர் யார். கோளாறைத் தானே கையில் எடுத்தால் மீதியைப் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். சுவாரசியமான கோளாறைத் தலைவரே எடுத்துக்கொள்வது பெரும்பாலும் தொழில்நுட்பத்தில் உயர்ந்து மேலே வந்தவர்கள் செய்யும் தவறு. அந்த வேலையில் குழுவிலேயே கெட்டிக்காரர் அவராக இருப்பார், அதனால்தான் விடமுடியாது.

தொடங்கும் முன் மூன்று முதல் ஐந்து நிமிடப் பேச்சு வேண்டும். அதில் தலைவர் தன் பலவீனத்தைப் பயன்படும் வடிவில் சொல்ல வேண்டும். “நானும் மனிதன்தான், தவறலாம்” என்ற பொதுப் பேச்சால் பயனில்லை. “ஒரு கோளாறில் இறங்கிவிட்டால் எனக்கு நேரம் தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மிச்ச நேரத்தை எனக்குச் சொல்லுங்கள், நான் பேசிக்கொண்டிருந்தாலும் குறுக்கிடுங்கள்” என்று சொன்னால், குறுக்கிடுவது கீழ்ப்படிதலாக மாறிவிடுகிறது. தயங்குபவருக்கு இதைவிட நல்ல உதவி இல்லை.

கூட்டத்தின் முடிவில் “ஏதாவது சந்தேகம் உண்டா?” என்று கேட்டால் அமைதிதான் விடை. அதற்குப் பதிலாக, இந்தத் திட்டம் தோற்றால் எதனால் தோற்றிருக்கும் என்று கேட்டு, ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் கொடுத்து இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் படிக்க வேண்டும், தலைவர் கடைசியில் பேச வேண்டும். தலைவர் முதலில் பேசினால் மற்ற தாள்களில் எழுதியிருப்பது மாறாது, ஆனால் வாசிப்பது மாறும்.

வேலை முடிந்தபின் 15 நிமிடம் உட்கார்ந்து பேசும்போது தன் தவறைத் தலைவரே முதலில் எடுத்துவைக்க வேண்டும். அதுவும் நேரம், செயல், விளைவு என்று குறிப்பாக இருக்க வேண்டும்.

எங்கே கெட்டுப்போகிறது

எல்லோரையும் கேட்பதை வாக்கெடுப்பு என்று புரிந்துகொள்வது பெரிய ஆபத்து. 232இல் நால்வரும் யோசனை சொன்னார்கள், முடிவு எடுத்தவர் ஒருவர்தான். கேட்டுவிட்டு முடிவெடுக்காமல் இருக்கும் தலைவரிடம் குழு இரண்டாவது முறை பேசாது. கேட்கும் நேரத்துக்கும் எல்லை வைத்துவிடுவது நல்லது: “இரண்டு நிமிடம் கேட்கிறேன், பிறகு சொல்கிறேன்.”

“என் கதவு எப்போதும் திறந்திருக்கும்” என்ற அறிவிப்பு இன்னொரு பொறி. நடந்து வரும் சுமையை அது கீழே இருப்பவர் மேல் ஏற்றுகிறது. 173இல் கதவே இல்லை, மூவரும் கைநீட்டினால் தொடும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

தவறான எச்சரிக்கைகள் பெருகிவிடுமே என்ற பயம் நியாயமானது. அதற்கு மருந்து ஐந்து படிகளில் மூன்றாவது படி: எண் இல்லாமல் கவலை சொல்லக்கூடாது என்ற பழக்கம். எண் கிடைக்காத இடத்தில் பார்த்ததை அப்படியே சொன்னால் போதும். அப்படியும் பத்து எச்சரிக்கைகளில் ஒன்பது வீணாகலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் என்றால் இழப்பு ஒன்பது நிமிடம்.

பலர் தவறவிடுவது பயிற்சியை மேலதிகாரிகளுக்கு மட்டும் நடத்துவது. கேட்கக் கற்ற தலைவரும், சொல்லக் கற்காத குழுவும் சேர்ந்தால் மௌனம் அப்படியே இருக்கும். இருவரும் ஒரே அறையில், ஒரே பாவனை நெருக்கடியில், பதிவோடு பழக வேண்டும். காலாண்டுக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம். நெருக்கடி 20 நிமிடம், பேச்சு 40 நிமிடம். இந்த விகிதத்தைத் தலைகீழாக்கினால் அது வெறும் விளையாட்டாகிவிடும்.

முன்னேற்றத்தை அளக்க ஆய்வுப் படிவங்கள் வேண்டாம். குழுவைப் பாதித்த ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு குறிப்பேட்டில் மூன்று நேரங்களை எழுதினால் போதும்: யாராவது முதலில் கவனித்தது எப்போது, முடிவெடுப்பவர் திருப்பிச் சொல்லி ஏற்றது எப்போது, செயல் மாறியது எப்போது. 173இன் குறிப்பில் முதல் நேரம் 5.46, மூன்றாவது 6.07. நடுக்கட்டம் காலியாக இருக்கும். உங்கள் குறிப்பேட்டில் ஆறு மாதத்துக்குப் பிறகும் நடுக்கட்டங்கள் காலியாக இருந்தால், வாக்கியம் பழகவில்லை என்று பொருள். நிரம்பியிருந்தும் மூன்றாவது நேரம் வெகு தூரம் தள்ளியிருந்தால், கோடு போடப்படவில்லை என்று பொருள்.